மஞ்சள் கொடி பிடித்த பெடியன்

தம்பி,

இதைக் குரலில் பதிந்து அனுப்பச் சொல்லித்தான் அம்மா சொன்னா. மூன்று தரம் பதிந்து பார்த்தேன். மூன்று தரமும் முதல் நிமிடத்திலேயே கதை இங்கத்தைக் கனடாக் குளிருக்கும் என் முழங்கால் நோவுக்கும் போய்விட்டது. என் வாய் அப்படித்தான். சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் சொல்லும். அதனால் எழுத உட்கார்ந்தேன். அம்மா காலைப் பூசைக்குப் போயிருக்கிறா. நான் போகவில்லை. குசினி மேசையில் இருக்கிறேன். எதிரே ரீவிக்கு மேலே அந்த மெழுகு இறால் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போன கிழமை நீ அம்மாவுக்கு ஃபோன் எடுத்தபோது அவ ஸ்பீக்கரில் போட்டிருந்தா. நான் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. வருகிற ஏப்ரலில் எமியோடு கலியாணம் என்று சொன்னாய். "நீங்கள் கட்டாயம் வரவேணும் அம்மா," என்றாய். அம்மா, "அப்பா?" என்று கேட்டா. நீ, "அப்பா விரும்பினா வரட்டும்," என்றாய். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. நான் வெங்காயத்தை வெட்டி முடித்தேன். இந்த ஏப்ரலில் நாங்கள் ஒசாக்காவிலிருந்து திரும்பிய நாள் தொடக்கம் நீ என்னோடு பேசவில்லை. நான் ஃபோனை எடுத்தால், "அம்மாட்டைக் குடுங்கோ," என்கிறாய். அதற்கு முறைப்பாடு சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் கலியாணத்தில் உன் தகப்பனாக நிற்க எனக்கு யோக்கியதை உண்டா என்பதுதான் இப்போது என் கேள்வி. அதை நீதான் சொல்ல வேண்டும். அதற்கு முதல் நான் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் பொய்யின் கதை. நீ பொறியியல் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு யப்பானுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கப் போனபோது, கோவிலடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ, "மகன் இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அது கேள்வி இல்லை, வணக்கம் சொல்வது மாதிரி. ஆனால் எனக்கு அது கேள்விதான். "ரெயில் கொம்பனியிலை எஞ்சினியர்," என்றேன். ஏன் ரெயில் என்று கேட்காதே. யப்பான் என்றால் எனக்கு அந்த வேகமான ரெயிலைத் தவிர வேறெதுவும் தெரியாது. அன்றைக்கு வந்த பொய் ஏழு வருடம் வளர்ந்தது. பதவி உயர்வுகூடக் கொடுத்தேன். நீ பயணிகளைக் கூட்டிக்கொண்டு ஒசாக்காவின் சந்துபொந்தெல்லாம் நடக்கிற வழிகாட்டி ஆகிவிட்டாய் என்று அம்மா சந்தோசமாகச் சொன்ன கிழமை, நான் பிக்கரிங்கில் ஒரு பிறந்தநாள் ஹோலில் உன்னைச் சீனியர் எஞ்சினியர் ஆக்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறவன் அந்தச் சோற்றை ஒருநாளும் நிம்மதியாகத் தின்ன முடியாது. ஒவ்வொரு பிடியிலும் பூசணிக்காய் தட்டுப்படும்.

இந்தப் பழக்கம் உன்னில் தொடங்கியது இல்லை, என்னில் தொடங்கியது. இருபத்திரண்டு வருடம் நான் விமான நிலையத்துக்கும் ஹொட்டேலுக்கும் இடையில் வான் ஓடினேன். ஊரிலும் இங்கேயும் கேட்டவர்களுக்கெல்லாம் ஹொட்டேலில் மனேஜர் என்றுதான் சொன்னேன். நீ ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, பிள்ளைகள் ஒருநாள் பெற்றோரின் வேலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கடிதம் தந்துவிட்டார்கள். நான் அந்தக் கடிதத்தை ஒளித்து வைத்தேன். நீ கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்கினாய். அந்த நவம்பர் நாள் முழுக்க நீ என் பக்கத்துச் சீற்றில் இருந்தாய். வானில் ஏறிய ஒவ்வொருவருக்கும், "இவர் என்ரை அப்பா," என்று இங்கிலிஷில் சொன்னாய். அதோடு நின்றாயா? பின்பக்கம் திரும்பி, அந்தப் பாலம் எது, இந்த நெடுஞ்சாலையில் ஏன் இவ்வளவு நெரிசல், எந்தக் கடையில் ரொட்டி நல்லது என்று சொல்லத் தொடங்கினாய். பாதி உன் கற்பனை. விமானம் பிந்தி வந்த எரிச்சலில் ஏறிய சனம் சிரித்துக்கொண்டு இறங்கியது. ஒரு வயதான மனிசி இறங்கும்போது என்னிடம், "உன் மகனால் எனக்கு இந்த நகரம் பிடித்துவிட்டது," என்றா.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. "வகுப்பிலை கேட்டா அப்பா ஒஃபிசிலை எண்டு சொல்லு." நீ, "ஏன் அப்பா?" என்று கேட்டாய். "சொன்னதைச் செய்," என்றேன். நீ சொல்லவில்லை. வான் என்றுதான் கட்டுரை எழுதினாய், படமும் கீறியிருந்தாய். அதைப் பார்த்து நான் உன்மேல் பாய்ந்தேன். பதினாலு வயதுப் பிள்ளைக்கு இருந்த நெஞ்சு எனக்கு ஐம்பத்திரண்டிலும் இல்லை, அறுபத்தைந்திலும் இல்லை.

இனி ஒசாக்கா. அந்தக் காலை அம்மாவின் கால் பயணத்தில் வீங்கிப்போய், அவ உன் வீட்டில் படுத்துவிட்டா. நீ என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனாய். "இண்டைக்கு என்ரை வேலையைப் பாருங்கோ அப்பா. கோட்டை, கோபுரம் ஒண்டும் இல்லை. சனம் காணாத ஒசாக்கா," என்றாய். உன் முகத்தில் ஒரு குறுகுறுப்பு இருந்தது. ஏனென்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஸ்ரேசன் வாசலில் சின்ன மஞ்சள் கொடியோடு நின்றாய். ஒரு ஒஸ்திரேலியச் சோடி வந்தது. அடுத்ததாக, அட கடவுளே, இங்கே விட்பியில் இருக்கிற மரியதாஸ் அண்ணையும் ஜெசி அக்காவும் வந்தார்கள்! மொன்றியலில் இருந்து வந்து எங்கள் கோவிலில் சேர்ந்தவர்கள். நீ போனபிறகு வந்ததால் உன்னைக் கண்டதே இல்லை. செரிப்பூப் பார்க்க யப்பானுக்கு வந்த இடத்தில், இன்ரநெற்றில் ஆகத் திறமென்று ஆட்கள் எழுதியிருந்த சுற்றுலாவைப் பிடித்திருக்கிறார்கள். அது உன்னுடையது.

"அட தம்பி, நீரும் இஞ்சையோ!" என்று அண்ணை என்னைக் கட்டிப்பிடித்தார். "மகன் எங்கை? வேலைக்குப் போட்டாரோ?"

"ஓம் அண்ணை. ரெயில் கொம்பனியெல்லே, லீவு குடுக்கமாட்டினம்."

"உந்தக் கொடி பிடிச்ச பெடியன் ஆர்? எங்கட ஆள் மாதிரிக் கிடக்கு."

நீ நாலடி தூரத்தில் நின்றாய். கொடி உன் கையில் அசையாமல் இருந்தது. நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், சிரிக்கத் தயாராக.

"தெரியேல்லை அண்ணை," என்றேன் நான். "கைட் போலை."

தம்பி, அந்த இரண்டு வசனத்தையும் எந்த நேரத்திலும் விழுங்கியிருக்கலாம். "பகிடிக்குச் சொன்னனான், இவன்தான் என்ரை மகன்" என்று அடுத்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ ஒரு கணம் நிலத்தைப் பார்த்தாய். பிறகு தலையை நிமிர்த்தி, எல்லாருக்கும் நல்வரவு சொல்லி, எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தாய். அந்த நேரம் தொடக்கம் என்னை "சேர்" என்றே கூப்பிட்டாய். என்னைக் காட்டிக்கொடுக்காமல் என் பொய்யை நீ தூக்கிக்கொண்டு நடந்தாய். ஜெசி அக்காவின் பையையும் சேர்த்து.

நீ காட்டிய ஒசாக்காவை நான் என் சீவியத்தில் மறக்கமாட்டேன். சாப்பாட்டுக் கடைக் கண்ணாடிக்குள் வைக்கிற போலிச் சாப்பாடு செய்யும் பட்டறைக்குக் கூட்டிப்போனாய். இளஞ்சூட்டுத் தண்ணீரில் உருகிய மெழுகை மேலிருந்து ஊற்ற, அது பூவாய் விரிந்து, பொரித்த இறாலின் மாவுபோல் வந்தது. அதை நடுவில் வைத்த மெழுகு இறாலைச் சுற்றி உருட்ட வேண்டும். எனக்கு அது வரவில்லை. "மெதுவா, சேர். சுடும்," என்று இங்கிலிஷில் சொல்லி என் மணிக்கட்டைப் பிடித்து விட்டாய். உன் கை குளிர்ந்து போயிருந்தது. மரியதாஸ் அண்ணை பச்சை மெழுகை இழுத்துச் சலாட் இலை செய்துவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளினார். "உதைக் கொண்டுபோய் வெட்டி வைச்சா ஜெசி கறி காய்ச்சிப் போடுவா!" என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். பார்த்தால் இறால், கடித்தால் மெழுகு. நான் ஊருக்குக் காட்டிய மகனும் அப்படித்தானே.

மத்தியானம் ஒரு சின்னச் சந்தில், குழிக் குழியான இரும்புத் தட்டில் மாவை ஊற்றி, உள்ளே எட்டுக்கால் பேய்க்கணவாய்த் துண்டு போட்டு, கம்பியால் உருட்டி உருட்டி நாங்களே சுட்டுச் சாப்பிட வைத்தாய். அந்தத் தட்டைச் சுற்றி நிற்கும்போதுதான் மரியதாஸ் அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, நீர் தமிழோ?"

நீ முதலில் என்னைப் பார்த்தாய். "ஓம் அங்கிள். கனடாவிலை வளந்தனான்."

"அட, எங்கட பிள்ளை! அப்பா என்ன செய்யிறார்?"

நான் கம்பியால் ஒரே உருண்டையைக் குத்திக் குத்திச் சிதைத்துக்கொண்டு நின்றேன். நீ ஆறுதலாகச் சொன்னாய்: "அப்பா ஹொட்டேல் வான் ஓடினவர் அங்கிள். எயார்போட்டிலை இருந்து சனத்தை ஏத்திக்கொண்டு வாறவர். நான் இந்த வேலையைப் பழகினதே அந்த வானுக்குள்ளைதான்."

"நல்ல மனுசனாத்தான் இருப்பார்," என்றா ஜெசி அக்கா. "பிள்ளையைப் பாத்தாலே தெரியுது. என்ன, நான் சொல்லுறது சரிதானே?" கடைசிக் கேள்வி எனக்கு. நான் தலையை ஆட்டினேன். சூடான உருண்டையை வாயில் போட்டு, நாக்கு வெந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை, அதற்கு ஒரு காரணம் இருந்தது.

கடைசியாகக் குளிப்புக் கடை. அந்த ஊர்ச் சனம் தினமும் போய்க் குளிக்கிற பழைய பொதுக் குளியலறை. வாசலில் வைத்து முறைகளைச் சொன்னாய்: உடுப்பெல்லாம் கழற்ற வேண்டும், சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்க வேண்டும், சின்னத் துவாயைத் தண்ணீரில் நனைக்காமல் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லாவில் இருந்த வயதான மனிதர் எழும்பி வெளியே வந்தார். வெள்ளைச் சேட்டு, தலை படிய வாரியிருந்தார், வேலைக்கு உடுத்திய உடுப்புப் போல் இல்லை. இரண்டு கையிலும் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். மடித்த புதுத் துவாய், நாடா கட்டி. என் முகத்தையும் உன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்து உன்னிடம் ஏதோ கேட்டார். நீ தாழ்ந்த குரலில் இரண்டு மூன்று சொல் சொன்னாய். அந்த மனிதரின் சிரிப்பு அப்படியே நின்றது. என்னைக் குனிந்து வணங்கினார். பொட்டலத்தைக் கல்லாவுக்குக் கீழே வைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கொடுத்த வாடகைத் துவாயில் ஒன்றை எனக்கும் தந்தார்.

உள்ளே மரியதாஸ் அண்ணையும் நானும் பிறந்த மேனிக்குத் தொட்டிக்குள் இருந்தோம். "கிணத்தடியிலைகூடச் சாரத்தோடை குளிச்ச சாதியப்பா நாங்கள்! ஜெசிக்குச் சொல்லிப் போடாதையும்," என்று அவர் கழுத்துவரை தண்ணீருக்குள் ஒளிந்தார். நானும் தலைத் துவாயை எடுத்து எங்கே மறைப்பது என்று தெரியாமல் தவித்தேன். எனக்கு வந்த வெட்கத்தைப் பார். உடம்பைக் காட்ட வெட்கம். பெற்ற மகனைத் தெரியாது என்று சொல்ல அது வரவில்லை.

பிரியும்போது அண்ணை உனக்கு ரிப்ஸ் காசு நீட்டினார். நீ வாங்கவில்லை. நானும் பேருக்கு நீட்ட வேண்டி வந்தது. "இஞ்சை வாங்கிறேல்லை, சேர்," என்றாய். பிறகு ஒவ்வொருவருக்கும் குனிந்து நன்றி சொன்னாய். எனக்கும் குனிந்தாய், முன்பின் தெரியாத ஆளுக்குக் குனிகிற மாதிரி, ஒரு அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உன் வீட்டுக்கு நான் தனியே வந்தேன். அம்மா கட்டிலில் எழும்பி இருந்து, "கண்டனீங்களோ? எமியின்ரை அப்பாவைக் கண்டனீங்களோ?" என்று ஆவலாகக் கேட்டா. "எமி ஆர்?" என்றேன். அப்போதுதான் முழுக்கதையும் வந்தது. அந்தக் குளிப்புக் கடை எமியின் தகப்பனுடையது. நீ கட்டப்போகிற பிள்ளையின் தகப்பனுக்கு உன் தகப்பனை அறிமுகம் செய்யத்தான் அந்த நாளையே ஒழுங்கு செய்திருந்தாய். அந்தத் துவாயில் தங்கள் எழுத்தில் என் பெயரை நூலால் தைத்து வைத்திருந்தாராம் அந்த மனிதர். நான் நடந்ததைச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்து, "நீங்கள் ஒரு மனுசனோ?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டா. நீ வந்தாய், சோறு வைத்தாய், எனக்குக் கோப்பையில் போட்டுத் தந்தாய். ஒரு சின்னப் பெட்டியை மேசையில் வைத்து, "உங்கட சாமான், விட்டிட்டு வந்திட்டீங்கள்," என்றாய். அதுதான் இந்த மெழுகு இறால். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசியது எனக்கு ஞாபகம் இல்லை.

"அப்பா விரும்பினா வரட்டும்" என்று நீ சொன்னதற்கு அடுத்த நாள் காரை எடுத்துக்கொண்டு விட்பிக்குப் போனேன். இருக்கச் சொல்ல முதலே, "அண்ணை, ஒசாக்காக் கைட் என்ரை மகன்," என்றேன். "நான் மனேஜரும் இல்லை. அந்தப் பிள்ளை சொன்ன வான்காரன் நான்தான்." சிரிப்பார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால், பரவாயில்லை தம்பி என்று தோளில் தட்டுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதை எதிர்பார்த்துத்தான் நானும் போயிருக்கிறேன், வெட்கங்கெட்ட ஆள். ஜெசி அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தப் பிள்ளையிட்டை என்ரை பை எல்லாத்தையும் குடுத்துத் தூக்குவிச்சனான். நீங்கள் பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறீங்கள்," என்றா.

மரியதாஸ் அண்ணை ரீவியை நிறுத்தினார். பிறகு சொன்னார்: "நீர் மகனை மட்டும் கேவலப்படுத்தேல்லைக் காணும். எங்களையும்தான். வழிகாட்டியின்ரை தகப்பன் எண்டா நாங்கள் உம்மோடை கதைக்கமாட்டம் எண்டெல்லே நினைச்சிருக்கிறீர். எங்களை என்ன மாதிரி ஆக்கள் எண்டு நினைச்சனீர்?" நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்று என் சீவியம் முழுக்கப் பயந்தேன் தம்பி. அந்த நாலு பேரில் இரண்டு பேர் என் முன்னால் இருந்தார்கள், அவர்கள் சொன்னது இதுதான். அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தா. குடித்துவிட்டு வந்தேன்.

கலியாணம் கட்டப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் என்ன புத்தி இருக்கிறது? ஒன்று மட்டும், கெட்டு அறிந்தது. உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, அது ஒருநாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு யாரிடமாவது, "இவர் என்ரை அப்பா," என்று சொன்னால், அதன் வாயை மூடாதே. நீ எந்த உடுப்பில் நின்றாலும் அந்த இடத்திலேயே நின்று கேள். அதைவிடப் பெரிய பட்டம் வேறெவரும் தரப்போவதில்லை. எனக்கு நீ அந்த வானுக்குள் வைத்து ஒருநாளில் இருபது தரம் தந்தாய், நான் வேண்டாம் என்றேன். மற்றது, கலியாணம் வருகிறது என்பதற்காக என்னை அவசரமாக மன்னிக்காதே. அம்மா உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்பா. நீ விட்டுக்கொடுக்காதே. எமியின் அப்பாவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. அந்தத் துவாய் இன்னும் கல்லாவுக்குக் கீழே இருக்கிறதா என்று கேட்கமாட்டேன். எனக்கு நீ மொழிபெயர்க்கவும் வேண்டாம். எமியிடம் கேட்டு யப்பான் மொழியில் இரண்டு வசனம் பாடமாக்க அம்மா ஒழுங்கு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறா.

நேற்றுப் பின்னேரம் உன் கொம்பனியின் இணையப் பக்கத்தில், உங்கள் கலியாணத்துக்கு முந்திய கிழமை நடக்கிற உன் சுற்றுலாவில் ஒரு இடம் பதிந்தேன். ஓசி இடம் இல்லை, மற்றச் சனம் மாதிரி. வேண்டாம் என்று பட்டால் நீ ரத்துச் செய்யலாம், உனக்கு அந்த உரிமை இருக்கிறது. பெயர் கேட்டது, எழுதினேன். சாப்பிடாத சாமான் ஏதும் உண்டா, நடக்கக் கஷ்டமா என்று கேட்டது, முழங்காலைப் பற்றி எழுதினேன். கடைசியில், எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள் என்று ஒரு கேள்வி. நண்பர், ஹொட்டேல், இன்ரநெற், மற்றது என்று நாலு பெட்டி. நீ இந்தக் கடிதத்தை வாசிக்க முதலே உன் ஒஃபிசில் எல்லாரும் அதை வாசித்திருப்பார்கள். மற்றது என்ற பெட்டியில் புள்ளடி போட்டு, பக்கத்தில் இருந்த கோட்டில் எழுதினேன்: கொடி பிடிக்கிற பெடியன் என்னுடைய மகன்.

அப்பா